ஏலமணிக்கு முன்னே ஒரு விசாரணை

வைகாசிப் பொங்கல் வந்துவிட்டால் வன்னிப் பெருநிலம் முழுவதும் வற்றாப்பளையை நோக்கி நடக்கின்றது. நந்திக்கடலோரத்தில் கோயில் கொண்டிருக்கும் கண்ணகை அம்மன் முன்னிலையில், கடல் நீரில் விளக்கெரியக் கண்டு, ஆயிரமாயிரம் கைகள் குவிகின்றன. மதுரையை எரித்த சீற்றத்தோடு ஈழம் போந்த அன்னை தங்கியிருந்த இடங்களுள் பத்தாவது இதுவென்றும், பத்தாம் பளையே வற்றாப்பளை ஆயிற்றென்றும் எம் முன்னோர் கூறி வந்தனர். அந்த அன்னையின் சீற்றத்துக்குக் காரணம் யாது? சிலம்பு போனதா? அன்று. செல்வம் போனதா? அதுவுமன்று. ஒரு மன்னன் விசாரியாது தண்டித்தான் என்பதே காரணம். விசாரணை ஒன்று பின்னர் நடக்கத்தான் செய்தது, சிலம்பு உடைக்கப்பட்டது, உண்மை தெறித்தது. ஆனால் அதற்கு முன்னரே கோவலனின் உயிர் போய்விட்டது. காலந் தாழ்த்தி வந்த நீதியால் யாருக்கு என்ன பயன்?

இக்கதையை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. விசாரியாது தண்டிக்கும் முறையொன்று இந்நாட்டின் சட்டப் புத்தகத்திலே இன்றும் இருக்கின்றது. அது எவருடைய உயிரையும் வாங்குவதில்லை, வீட்டை வாங்குகின்றது. கடனுக்கு ஈடாக வைத்த வீட்டையும் வளவையும் நீதிமன்றத்தின் வாசற்படியை மிதிக்காமலே ஏலத்தில் விற்றுவிடும் அதிகாரத்தை அது வங்கிகளுக்கு வழங்கியிருக்கின்றது. பத்திரிகைகளிலே ‘பராட்டே’ என்ற பெயரில் அடிபடும் சட்டம் அதுவே. அதன் பெயரை அறிந்தோர் பலர். அது நடக்கும் விதத்தை அறிந்தோர் சிலர். வீடு கட்டக் கடன் பெற்ற ஆசிரியரும், அரிசி ஆலைக்குக் கடன் பெற்ற வணிகரும், பிள்ளையின் தொழிலுக்காகத் தமது வளவை ஈடு வைத்த தாய் தந்தையரும் அதனை அறிந்திருத்தல் அவசியம்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்பது பழமொழி. வன்னி மக்கள் வீட்டை ஒரு முறை அன்று, பன்முறை கட்டிப் பார்த்தவர்கள். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை விழுங்கிற்று. 2009 இல் போர் இப்பகுதியை முற்றாக விழுங்கிற்று. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலிலும் வாழ்க்கையை மறுபடி தொடங்கினர். பின்னர் இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. நன்றிக்குரிய உதவியே, எனினும் சீமெந்தும் மணலும் கூலியும் ஏறிய நாளில், அப்பணத்தோடு வீட்டை முடித்தவர் குறைவு. தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று; கடன் வீட்டுக்குள் வந்தது. போருக்கு முன் வன்னியில் வங்கிக் கிளைகளை விரல்விட்டு எண்ணலாம். போர் முடிந்ததும் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதவைத் தட்டின. கடன் கொடுப்பவர் கதவைத் தட்டுவதைக் கண்ட மக்கள், அறவிடுபவரும் அதே கதவைத் தட்டுவார் என்பதைப் பின்னரே கண்டனர்.

ஈடு வைத்த வீடு கைமாறுவதற்குச் சட்டத்தில் வழிகள் மூன்று உள. மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கலங்குவோரும் உண்டு; அசட்டையாக இருந்துவிடுவோரும் உண்டு.

முதலாவது, 1949 ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் வழி. கடன் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றில் வழக்கிட வேண்டும். கடன் பெற்றவர் மறுமொழி கொடுக்கலாம்; கணக்கைக் கேட்கலாம்; சாட்சி சொல்லலாம். தீர்ப்பு வந்த பின்னரே, நீதிமன்றத்தின் கட்டளைப்படி ஆதனம் விற்கப்படும். இவ்வழி நீளமானது, கடன் கொடுத்தவருக்கு அலுப்பூட்டுவது, ஆனால் இரு பக்கத்தையும் கேட்பது.

இரண்டாவது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் வழி. இங்கும் நீதிமன்றம் உண்டு. ஆனால் நடையில் வேகம் கூடியது. கடன் கொடுத்த நிறுவனத்தின் மனுவையும் சத்தியக் கடதாசியையும் பார்த்த மாத்திரத்தில், எதிராளி காரணம் காட்டாவிடின் நிலைபெறும் தீர்ப்பு ஒன்றை நீதிமன்றம் முதலிலேயே வழங்கிவிடுகின்றது. எதிராளி வழக்காட விரும்பினால், அதற்கே நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். பணத்தைக் கட்டும்படியோ பிணை வைக்கும்படியோ நீதிமன்றம் கேட்கவுங் கூடும். கட்டளை கையில் கிடைத்ததும் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்ற கமக்காரர், குறித்த நாள் கடந்ததும் தம் வழக்கைத் தாமே இழந்தவராகின்றார்.

மூன்றாவதே பராட்டே. ஒல்லாந்தச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்து சேர்ந்த சொல் இது. நீதிமன்றத் தீர்ப்பின்றியே ஈட்டை விற்று அறவிடுதல் என்பது இதன் பொருள். 1931 இல் தோன்றிய அரசாங்க ஈட்டு வங்கி போன்ற அரச நிறுவனங்களுக்கே இவ்வகை அதிகாரம் முன்பு வழங்கப்பட்டது. பொதுமக்களின் பணத்தைக் காக்கும் அரச நிறுவனத்துக்கு விசேட சலுகை என்று அதற்கு நியாயம் கூறப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமோ அதனைத் தனியார் வங்கிகளுக்கும் விரித்துக் கொடுத்தது. அதே ஆண்டு ஆனியிலே வடக்கிலும் கிழக்கிலும் மீண்டும் போர் மூண்டது. தலைக்கு மேலே குண்டு விழுந்துகொண்டிருந்த வேளையில், கொழும்பில் நிறைவேறிய வங்கிச் சட்டத்தை வன்னியில் எவர் வாசித்திருப்பர்?

அச்சட்டம் நடக்கும் படிகளைக் கூறுவோம். கடனின் ஒரு தவணை தவறினாலும் முழுக் கடனும் தவறியதாகக் கொள்ளப்படலாம். வங்கியின் பணிப்பாளர் சபை கூடி, இன்ன ஆதனத்தை ஏலத்தில் விற்பதற்கு இன்னாருக்கு அதிகாரமளிக்கின்றோம் என்று தீர்மானம் நிறைவேற்றுகின்றது. அத்தீர்மானம் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழித் தினசரிகளிலும் பிரசுரிக்கப்படுகின்றது. பிரதி கடன் பெற்றவருக்கு அனுப்பப்படுகின்றது. அடுத்து, விற்பனை நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்னர் விற்பனை அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவருகின்றது. ஏலம் நடைபெறுவதற்கு முன் முதலும் வட்டியும் செலவும் முழுவதாகக் கட்டப்பட்டால் விற்பனை நின்றுவிடும். கட்டப்படாவிடின் ஏலமணி ஒலிக்கும். எந்த விலைக்குக் குறைந்து பிறருக்கு விற்றலாகாது என்பதை வங்கியின் சபையே குறிக்கலாம். விற்றபின் வங்கி தனது பணத்தை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கடன் பெற்றவருக்குக் கொடுத்தல் வேண்டும். வாங்கியவருக்கு வங்கி விற்பனைச் சான்றிதழ் வழங்குகின்றது.

இவ்வளவும் நடக்கும் வரையில் எந்த நீதிபதியும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. கடன் பெற்ற குடும்பம் வீட்டை விட்டு எழும்பாதிருந்தால், விற்பனைச் சான்றிதழைக் கையிற் பிடித்துக்கொண்டு வாங்கியவர் மாவட்ட நீதிமன்றம் செல்கின்றார். ஆட்சியை ஒப்படைக்கும் கட்டளையைப் பெறுகின்றார். ஆக, அக்குடும்பம் நீதிமன்றத்தை முதன்முதலிற் காண்பது வீடு கைவிட்டுப் போன பின்னரே! பாண்டியன் அவையில் விசாரணை நடந்த வேளையும் அதுவன்றோ?

முன்கூட்டியே தடையுத்தரவு கேட்டுக் கடன் பெற்றவர் நீதிமன்றம் போகலாமே என்பர். போகலாம், உண்மை. ஆனால் வழக்கைத் தொடங்கும் சுமையும் செலவும் யார் தலையில் வீழ்கின்றன என்பதைப் பாருங்கள். ஈட்டுச் சட்டத்தின்படி, பணம் படைத்த வங்கி தன் உரிமையை நிரூபிக்க வேண்டும். பராட்டேயின்படி, தவணைப் பணத்துக்கே வழியற்றவர் சட்டத்தரணிக்குப் பணம் தேடிக்கொண்டு, இரண்டு வாரத்துள் தமது நியாயத்தை நிரூபிக்க வேண்டும். துலாக்கோலின் தட்டு இரண்டும் இடம் மாறிவிட்டன.

இச்சட்டத்துக்குச் சில வேலிகளும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2011 ஆம் ஆண்டின் திருத்தம் ஐம்பது இலட்சம் ரூபா என்றொரு எல்லையிட்டது. தவறிய நாளில் நிலுவையாக நிற்கும் முதல் அத்தொகையை மீறாவிடின் பராட்டே செல்லாது. வட்டியையும் தண்டப்பணத்தையும் முதலோடு கூட்டி எல்லையைத் தாண்டிவிட்டதாகக் கணக்குக் காட்ட முடியாது. 2006 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றில், கடன் பெற்றவர் அல்லாத மூன்றாம் ஆளின் ஆதனத்தின்மீது இவ்வதிகாரம் செல்லாது என்று கூறிற்று. மகனின் கடனுக்குத் தன் சீதனக் காணியை ஈடு வைத்த தாய்க்கு இத்தீர்ப்பு ஒரு நிழல். கம்பனியின் கடனுக்கு அதன் இயக்குநரே ஈடு வைத்த ஆதனம் போன்றவற்றில் அந்நிழல் எவ்வளவு தூரம் விழும் என்பது பின்னர் வழக்குகளிலே வாதிக்கப்பட்டது. ஆதலால் அத்தகையோர் தாமே முடிவு கட்டாது சட்டத்தரணியைக் கேட்டல் நன்று.

ஆனால் ஐம்பது இலட்சம் என்ற வேலியின் உயரத்தைப் பாருங்கள். 2011 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 110 ரூபா. 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர் அது 300 ரூபா அளவில் நிற்கின்றது. அன்றைய ஐம்பது இலட்சம் நாற்பத்தையாயிரம் டொலருக்குச் சமன். பிந்திய கணக்கில் அது பதினேழாயிரம் டொலரைக்கூட எட்டுவதில்லை. அன்று ஐம்பது இலட்சம் கடன் பெற்றவர் செல்வர். இன்று ஓரளவான கல்வீடு ஒன்றைக் கட்ட முனையும் ஆசிரியத் தம்பதியரும் அத்தொகையைத் தொட்டுவிடுகின்றனர். வேலியை எவரும் பிடுங்கவில்லை, நிலம்தான் உயர்ந்துவிட்டது.

வங்கிக்கும் நியாயம் உண்டு. அங்கிருக்கும் பணம் பணிப்பாளர் சபையின் சட்டைப்பையிலிருந்து வந்ததன்று. ஓய்வூதியரின் சேமிப்பும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசும், கைம்பெண்ணின் வைப்பும் அதில் உள்ளன. கடனைத் திருப்பாதிருப்பதைத் தொழிலாகக் கொண்டோரும் நாட்டில் இருக்கின்றனர். கோடி கோடியாக வாங்கி, வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்து, வட்டியையே வருமானமாக்கிக் கொண்ட பெரும் புள்ளிகளும் உளர். அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. கடனைக் கொடுக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. கேள்வி கொடுப்பதா இல்லையா என்பதன்று. கேளாமல் விற்பதா, கேட்டபின் விற்பதா என்பதே கேள்வி. கோடியைச் சுருட்டியவனையும் கால மழை பொய்த்ததால் இடறியவனையும் வேறு பிரித்துக் காட்டக்கூடியது விசாரணை ஒன்றே. விசாரணை இல்லாத சட்டத்தின் முன் இருவரும் ஒரே பட்டியலில் இரு பெயர்கள்.

இடறியவர் ஏன் இடறினார் என்பதையும் ஆட்சியாளர் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. அந்த ஆண்டின் முடிவுக்குள் தடை நீக்கப்பட்டதெனினும், காலபோகம் பாழாயிற்று, விளைச்சல் சரிந்தது. 2022 சித்திரையில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் நூற்றுக்கு 7 புள்ளிகள் உயர்த்திற்று. இதன் பொருள் என்ன? ஒரு கணக்குக்காகப் பாருங்கள். அறுபது இலட்சம் கடனுக்கு நூற்றுக்கு 12 வீத வட்டியென்றால் மாதத்துக்கு அறுபதினாயிரம் ரூபா. அதே கடனுக்கு வட்டி நூற்றுக்கு 24 ஆனால் ஓர் இலட்சத்து இருபதினாயிரம். வீடு அதே வீடு. சம்பளம் அதே சம்பளம். கையொப்பமிட்டவரும் அதே மனிதர். வட்டியை மாற்றும் உரிமை வங்கிக்குண்டு என்று பத்திரத்தின் சிறிய எழுத்திலே இருந்த ஒரு வரி, அக்குடும்பத்தின் அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்தது.

அதே 2022 சித்திரையில் வேறொன்றும் நடந்தது. வெளிநாட்டுக் கடனை எம்மாற் கட்ட முடியாது என்று இலங்கை அரசே உலகறியக் கூறிற்று. அப்போது நடந்தது என்ன? நாட்டை எவராவது ஏலம் கூறினரா? இல்லை. கடன் கொடுத்த நாடுகளும் நிறுவனங்களும் மேசையைச் சுற்றி அமர்ந்தன. கணக்குப் பார்க்கப்பட்டது, தவணை நீட்டப்பட்டது, வட்டி குறைக்கப்பட்டது, கடனில் ஒரு பகுதி தள்ளுபடியும் செய்யப்பட்டது. பேச்சு ஆண்டுக்கணக்கில் நீடித்து, தனியார் பிணைமுறிக்காரரோடான உடன்பாடு 2024 மார்கழியில் நிறைவேறிற்று. அரசுக்கு இரண்டரை ஆண்டுத் தவணையும் கேள்வியும் கிடைத்தன, நல்லதே. அந்த அரசின் தவறுகளாலேயே இடறிய குடியானவனுக்கு மட்டும் பதினான்கு நாள் அறிவித்தலும் ஏலமணியும் தானா? தனக்கொரு நீதி, தன் குடிக்கொரு நீதி என்பது எந்த அறநூலில் உள்ளது?

வணிகர்களும் சிறு தொழிலாளரும் எழுப்பிய கூக்குரலால், பராட்டே அதிகாரம் 2024 மார்கழி 15 வரை இடைநிறுத்தப்பட்டது. பின்பு அத்தடை 2025 பங்குனி 31 வரை நீட்டப்பட்டது. அந்நாளும் கடந்துவிட்டது. இடைநிறுத்தம் மருந்தன்று; நோவைச் சற்று மறக்கச் செய்யும் எண்ணெய். தடை நிலவிய நாளிலும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டியது சட்டத்தின் திருத்தமேயன்றி, அதன் உறக்கம் அன்று.

இனி, வற்றாப்பளைக்கும் முள்ளியவளைக்கும் முத்தையன்கட்டுக்கும் மிக அண்மையான ஒன்றைக் கூறுவோம். வன்னியிலே கமக்காரரிற் பெரும்பாலோரின் கையிலிருப்பது உறுதிக் காணியன்று, பேர்மிற் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணி அது. குடியானவன் தன் நிலத்தை ஈடு வைத்தும் விற்றும் கடன் கொடுத்தவரிடம் இழந்துவிடுகின்றான் என்பதை 1927 இன் காணி ஆணைக்குழுக் காலத்திலேயே கண்டுணர்ந்துதான் அச்சட்டத்தை வகுத்தனர். கண்டபடி விற்க முடியாது. கண்டபடி ஈடு வைக்க முடியாது. கடன் தீர்ப்பை நிறைவேற்ற அதனைப் பறிமுதல் செய்தலும் ஆகாது. பின்னைய திருத்தங்கள் குறித்த சில நிறுவனங்களுக்கு அனுமதியோடு ஈடு வைக்க வழி திறந்தன. ஆக, பேர்மிற் காணிக்காரருக்கு வங்கியின் வாசல் பாதி மூடியிருக்கின்றது. அதே காரணத்தால் ஏலக்காரரின் வாசலும் மூடியிருக்கின்றது.

2024 இல் ‘உரித்து’ என்ற பெயரில், இருபது இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரிமை உறுதி வழங்குவோம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முழு உரிமை மனிதனின் மானத்துக்குரியது. அதனை வேண்டாமென்று கூறும் எண்ணம் எமக்கில்லை. தன் காணிக்குத் தானே முழுச் சொந்தக்காரன் ஆவதை எந்தக் கமக்காரன் விரும்பான்? ஆனால் ஒரே திறப்பினால் இரு கதவுகள் திறக்கின்றன என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். உறுதி கிடைத்த மறுநாள் வங்கியின் கடன் கதவு திறக்கும். அதன் பின்னாலிருக்கும் ஏலக் கதவும் திறக்கும். மூன்று தலைமுறை காடு வெட்டித் திருத்திய வயலை, மூன்று தவணை தவறியதற்காக இழக்கும் நாள் வரலாகாது. உறுதியைக் கொடுக்கும் அரசு, அந்த உறுதியின் வேலியையும் கூடவே கொடுத்தல் வேண்டும்.

வங்கியின் வாசல் மூடியிருப்பவர் எங்கே போகின்றார்? தனியாரிடம். அங்கே நடப்பது இதனினும் கொடிது. ஐந்து இலட்சம் கடன் கேட்டால், “ஈட்டு உறுதி வேண்டாம், அறுதி உறுதியாக எழுதித் தாருங்கள், பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்” என்பர். வாய்ச்சொல்லை நம்பி நொத்தாரிசின் முன்னே கைநாட்டு விழுகின்றது. எழுத்தின்படி அது கடனன்று, விற்பனை. காணியைப் பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு எழுத்தில் இல்லாவிடின் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டம். ஆகவே திருப்பித் தருவேன் என்ற வாய்ச்சொல்லைக் கொண்டு வழக்காடுதல் எளிதன்று. ஒரு வழி மாத்திரம் உண்டு: சூழ்நிலைகளைப் பார்க்கும்போது உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று நிரூபித்தால், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின்படி, எழுதி வாங்கியவர் அக்காணியை முன்னையவரின் நன்மைக்காகவே வைத்திருப்பவராகின்றார். விற்ற பின்னும் குடும்பம் அங்கேயே குடியிருந்தமை, எழுதிய விலை சந்தை விலையின் ஒரு சிறு பங்காயிருந்தமை, வட்டி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவை அங்கே பேசும். ஆனால் வருமுன் காப்பதே மேல். தனியாரிடம் ஈட்டுக் கடன் பட்டோருக்கு 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்க சபையும் உண்டு. வங்கிக் கடன் அதன் எல்லைக்குள் வாராது. மீட்டெடுக்கும் தவணை முடிந்த பின் அழுதுகொண்டு போகாது, முடியுமுன்னரே போதல் வேண்டும்.

அயல்நாட்டைப் பார்ப்போம். இந்தியாவிலும் வங்கி நீதிமன்றம் போகாது ஈட்டைக் கைப்பற்றும் சட்டம் 2002 இல் வந்தது, சர்பாசி என்பர். ஆனால் அங்கே கடன் தவறியவருக்கு 60 நாள் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். விவசாய நிலம் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டுள்ளது. முறையிடுவதற்குத் தனி நியாயசபையும் உண்டு. முறையிடுமுன் கடனின் முக்காற்பங்கைக் கட்டு என்றிருந்த விதியை 2004 இல் இந்திய உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. கடன் பெற்றவர் சொல்லும் ஆட்சேபத்தை வங்கி பரிசீலித்து மறுமொழி கூற வேண்டும் என்றும் ஆயிற்று. வங்கிக்கு வேகமும் கிடைத்தது. வயலுக்கு வேலியும் கிடைத்தது. பாக்கு நீரிணையின் அக்கரையில் இயலுவது இக்கரையில் ஏன் இயலாது?

வங்கி சொல்லும் கணக்கு என்றுமே சரி என்போருக்கு அமெரிக்காவைக் காட்டுவோம். 2008 இன் வீழ்ச்சிக்குப் பின் அங்கே இலட்சக்கணக்கான வீடுகள் பறிபோயின. பத்திரத்தைப் படித்தும் பாராமல் வங்கி அலுவலர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் சத்தியக் கடதாசிகளிற் கையொப்பமிட்டு வந்தமை 2010 இல் அம்பலமாயிற்று. 2012 இல் மத்திய அரசோடும் 49 மாநிலங்களோடும் ஐந்து பெரும் நிறுவனங்கள் 25 பில்லியன் டொலர் இணக்கத்துக்கு வந்தன. அது வெளிப்பட்டது எவ்வாறு? வீட்டைப் பறிக்க நீதிமன்றம் செல்ல வேண்டிய மாநிலங்களில், வழக்கறிஞர் அந்தக் கையொப்பக்காரரைச் சாட்சிக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்டதனாலேயே. கேள்வி கேட்கும் இடம் இருந்தபடியால் உண்மை வெளிவந்தது. கேள்விக்கே இடமில்லாத முறையில் அது புதைந்தே கிடந்திருக்கும்.

ஆதலால் நாம் கேட்பவை இவை. முதலாவது: எவரும் குடியிருக்கும் வீட்டை ஏலத்திற் கூறுமுன்னர், அந்த மாவட்டத்தின் நீதிபதி முன்னிலையில் ஒரேயொரு நாளாவது விசாரணை நடைபெறல் வேண்டும். கணக்குச் சரியா, அறிவித்தல் கையிற் கிடைத்ததா, தவணை நீட்டினால் கடன் தீருமா, குறித்த விலை நியாயமா என்ற நான்கு கேள்விகள் போதும். இரண்டாவது: குடும்பம் உண்டு வாழும் வயலும் உறங்கும் வீடும் ஓரளவு வரையிலாவது விற்பனையினின்று விலக்கப்படல் வேண்டும். மூன்றாவது: எல்லைத் தொகை ரூபாவின் பெறுமதியோடு தானே உயரும்படி சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். நான்காவது: கடன் பத்திரமும் அறிவித்தலும் கடன் பெற்றவரின் மொழியில் அவர் கையிலே கொடுக்கப்படல் வேண்டும். கையொப்பமிட்டவருக்கு விளங்காத பத்திரம் அவரைக் கட்டுதல் எந்த நியாயம்? தமிழ்ப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவதற்கு இதனைவிட நல்ல பொருள் வேறென்ன? இது தமிழருக்கு மாத்திரம் உரிய துயருமன்று. அனுராதபுரத்துச் சிங்களக் கமக்காரனும், மூதூர் முஸ்லிம் வணிகரும் இதே மணியோசைக்கு அஞ்சுகின்றனர். அவர்களோடு சேர்ந்து கேட்கலாம், கேட்டுப் பெறலாம்.

சட்டம் திருந்தும் வரையில் நாம் செய்ய வேண்டியவையும் உள. தவணை தவறுமென்று தெரிந்த மாதத்திலேயே வங்கி முகாமையாளரை எழுத்து மூலம் நாடுங்கள். தவறி ஆறு மாதம் கழித்துப் போகும்போது வாயிற் சொல் வராது. கொடுத்த கடிதத்துக்கும் கட்டிய பணத்துக்கும் பிரதி வைத்திருங்கள். வெற்றுக் கடதாசியிற் கையொப்பமிடாதீர்கள். கடனுக்கு அறுதி எழுதாதீர்கள். பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்காத அறிவித்தலால் ஏலம் நிற்பதில்லை. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எம் கற்றறிந்த சட்டத்தரணிகளுக்கும் கணக்காளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, கிராமத்து வாசிகசாலையில் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் பத்திரங்களை வாசித்துப் பொருள் கூறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காப்பாற்றப்படும் வளவுகள் பல.

வற்றாப்பளையில் பொங்கும் பானையின் முன்னே கைகூப்பி நிற்கும் நாம், அன்னையின் கதையில் மதுரை எரிந்ததை மட்டும் நினைவில் வைத்திருத்தல் போதாது. கேட்டறிந்து தீர்ப்பளித்திருந்தால் மதுரை எரிந்திருக்காது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். கடன் கடனே, அது தீர்க்கப்படட்டும். ஆனால் ஏலமணி ஒலிக்குமுன் நீதிமன்ற மணி ஒருமுறை ஒலிக்கட்டும்.